வாஷ்பேசினின் பழைய கல்

கிரானைட் பதிக்கிற கல்லுக்காரருக்கு முட்டி தேய்ந்து பத்து வருஷமாகிறது. அடுத்தவர் வீட்டு பாத்ரூம்களில் மண்டியிட்டே பாதி ஆயுசு போய்விட்டது. ஆனால் சொந்த வீட்டில் ஒரு வாஷ்பேசினுக்கு வக்கில்லை. இடுப்பு வலிக்கார மனைவி, பல் தேய்ப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் தரையோரக் குழாயில்தான் குனிந்தாக வேண்டும். பேசின் பதிக்க முழுசாக ஒரு பழைய கல் கிடைக்கட்டும் என்று இவர் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சே வீட்டில் கேலியாகிவிட்டது.

கடைசியில் கிடைத்தேவிட்டது. பாத்ரூமைப் புதுப்பிக்கிற ஒரு வீட்டில், கறுப்பு கிரானைட், ஒரு கீறல் கிடையாது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். சுவரோடு பிடித்திருந்த பசையை அரை நாள் பிளேடால் அறுத்து, கல்லை இறக்கி, சாக்கில் சுற்றி வாசலில் சாய்த்தார். உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அந்தக் குஷிதான் கெடுத்தது. எந்தச் சுவர் மூலையும் சரியான செங்கோணமாக இருப்பதில்லை. சுவர்களுக்கு நடுவே கல் வைத்தால் முன்பக்கமும் அளக்க வேண்டும், பின்பக்கமும் அளக்க வேண்டும். மனிதர் முன்பக்கத்தை மட்டும் அளந்து, வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த புதுக்கல்லை வெட்டினார். பின்பக்கம் இடம் அரை அங்குலம் குறுகல், கல் உள்ளே போகவில்லை. ஓரத்தைத் தேய்க்கப் போக, பேசின் துளையை ஒட்டிய ஒல்லிப் பகுதி பட்டென்று விண்டுபோனது. புத்தி கெட்டவனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் கத்தியிருந்தால்கூடத் தேவலை, அவர் கத்தவில்லை. கால் ஆபரேஷன் முடிந்து அவருடைய அம்மா மறுநாள் வருகிறாராம். கடையிலோ அந்த ரகக் கல் தீர்ந்துவிட்டது.

"பழைய கல்லு நல்லாத்தானே இருக்கு? அதுவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பழையதும் உடைந்துவிட்டது என்றால் சாக்கைப் பிரித்தா பார்க்கப் போகிறார்? சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு சார். மாட்டிடறேன்."

வீட்டுக்குப் போனால், மனைவி பக்கெட்டுகளை நகர்த்தி, மூலையைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். கல் எங்கே என்று கேட்டாள். தன் கையாலேயே திரும்ப மாட்டிவிட்டு வந்த கதையைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"வண்டியில ஏத்தும்போது ஒடஞ்சிருச்சு."

"போனாப் போகுது விடுங்க. கால்ல எதுவும் விழலையே?" என்றவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்தாள்.