முக்கால் அடி
1991 மார்ச் 4: 31 அடி.
ஏப்ரல் 4: 34 அடி.
மே 4: 39 அடி.
ஜூன் 4: 47 அடி.

தையல்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்பதற்கான கணக்கு இது. அளந்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அளக்க வைத்தவர் அறிவியல் டீச்சர். நான் அந்தப் பள்ளியின் எழுத்தர்.

டீச்சருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. லாரி மெக்கானிக்கின் மகள். கையில் அழுக்குப் படாத பாடம் மனதில் ஒட்டாது என்பது அவர் கட்சி. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கொடுத்தார்; அந்த ஒரே கயிறு வீடு வீடாகச் சுற்றியது. அவரவர் வீட்டுக் கிணற்றை அவரவர் அளக்க வேண்டும்; அம்மா பக்கத்தில் நின்று கையெழுத்திட வேண்டும்.

"படிக்க அனுப்பினா கிணத்தை எட்டிப் பாக்கச் சொல்றீங்களே டீச்சர், விழுந்து தொலைஞ்சா?" என்று சண்டைக்கு வந்தாள் தையல்காரர் மனைவி.

"அதுக்குத்தான்க்கா உங்க கையெழுத்து. கயிறு புள்ள கையில, புள்ள உங்க கையில."

பதினான்கு கிணறுகளின் அளவுகளும் பள்ளி வாசல் சுவரில் கோடுகளாக ஏறின. நாற்று விடுவதற்கு முன் விவசாயிகள் அந்தச் சுவரைப் பார்க்க வந்தார்கள். ஐஸ் ஃபேக்டரிக்குப் பக்கத்தில், தையல்காரர் வீட்டுக் கிணறு உட்பட, இருந்த ஐந்து கிணறுகளின் கோடுகள் மட்டும் தலைகுப்புற இறங்கின. ஏன் என்று யாரும் எழுதவில்லை. ஃபேக்டரி பள்ளிக் குழுத் தலைவருடையது.

மே மாதக் கடைசியில் கயிறு அறுந்தது. ஒரு சிறுமி இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சு முக்கால் அடிக் கயிற்றை விழுங்கிவிட்டதை ஸ்கேல் வைத்து அளந்து கண்டுபிடித்தவன் நான். சுவரில் ஜூன் அளவுகளுக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: 'இவை முக்கால் அடி அதிகம். குறைத்துக்கொள்ளவும்.'

தலைவர் அந்த ஒரு வரியைப் படம் பிடித்து மேலே அனுப்பினார். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"அளவு தப்பா, சரியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"முக்கால் அடி தப்பு சார். ஆனா அதைக் கழிச்சாலும் தையல்காரர் கிணறு ஒரே மாசத்துல ஏழேகால் அடி எறங்கியிருக்கு..."

அவர் 'தப்பு' வரைக்கும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

ஜூலை 19 அன்று டீச்சரை வினாத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. அவர் கேட்டதெல்லாம் அந்த மூன்று ஆண்டும் வகுப்பறையில் இருக்க வேண்டும் என்பதுதான். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.

"நீங்க எழுதினது சரிதான் சார். எழுதாம விட்டிருந்தாத்தான் நான் சண்டை போட்டிருப்பேன்," என்றார் டீச்சர், பையை எடுத்துக்கொண்டே. வாசல்வரை போய் நின்றார். "ஆனா இன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாக்க என்னால முடியல."

அடுத்த கோடையில் ஐந்து கிணறுகளும் வறண்டன. நான் மேலிடத்துக்கு ஒன்பது கடிதங்கள் எழுதினேன். எட்டுக்குப் பதில் இல்லை.

ஒன்பதாவதற்கு வந்தது. பிழை அற்பமானது, பிள்ளைகளின் முடிவு சரியே, மாற்றல் உத்தரவு ரத்து செய்யப்படுகிறது, டீச்சர் உடனே வகுப்புக்குத் திரும்பலாம்.

அவர் ஓய்வு பெற்றது 1994 ஜூலை 31. கடிதம் வந்தது ஆகஸ்ட் 11.