இடது பக்கத்து டிரம்

என் மனைவி கலவைக்காரி. சுவருக்குக் கடைசியாகப் பூசும் வெள்ளைச் சாந்தை அவளைப் போலக் குழைக்க எங்கள் வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை நான் சொன்னால் ஜால்ரா என்பார்கள், அதனால் மற்றவர்களையே சொல்ல விட்டுவிடுகிறேன். மணலை மூன்று முறை சலிப்பாள். அவளுக்குப் பட்டப்பெயரே சல்லடை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு, கொதித்து அடங்கவிட்டு, ஒரு மாதம் டிரம்மில் ஊறவைப்பாள். வெண்ணெயாக வந்த பிறகுதான் யாரையும் தொட விடுவாள். குழைத்த சாந்தைக் கொத்தனார் கரணையில் அள்ளித் தலைகீழாகப் பிடிப்பாள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் தயார். வீட்டில் மாவு பிசைந்தாலும் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பவள், அது வேறு கதை.

பூசுகிறவன் அவள் தம்பி. கை சுத்தமான கொத்தனார், வாய்தான் சரியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பத்துப் பேர் நடுவில், "என்னக்கா இது சாந்து? பாலே இதவிடக் கெட்டியா இருக்கும்" என்றுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. வேலை மட்டும் நிற்கவில்லை. சாந்து சுமக்கும் நான் இருவருக்கும் நடுவில் தபால்காரன் ஆனேன்.

"மாமா, இன்னும் ரெண்டு சட்டி வேணும்னு சொல்லுங்க."

"பொறுக்கச் சொல்லுங்க. நான் என்ன மெஷினா?"

பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு இது காதில் விழாதா? விழும். ஆனாலும் நான் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு.

ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவரின் புது வீடு. கீழ்க்கூடம் நன்றாக வந்தால் மாடியும் எங்களுக்கே என்று பேச்சு. கூடம் பூசிய அன்று காலை என் மனைவி, "வலது டிரம்முல எடுக்கச் சொல்லுங்க. இடதுல இருக்கறது ஊறி நாலு நாள்தான் ஆகுது" என்றாள். எனக்கு முதுகுவலி, எரிச்சல் வேறு. "வாசல்ல கரணையக் கழுவிட்டு இருக்கான், நீயே போய்ச் சொல்லேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மணல் சலிக்கப் போய்விட்டாள். எந்த டிரம் என்று அவனும் கேட்கவில்லை. தானே போய் இடது டிரம்மைத் திறந்து அள்ளி, குழைத்துப் பூசிவிட்டான்.

மூன்று வாரத்தில் சுவர் பொரிந்தது. ஊறாத சுண்ணாம்புத் துணுக்குகள் சுவருக்குள்ளேயே உப்பி, மேல்பூச்சைத் தெறிக்க வைத்துவிட்டன. கூடம் முழுக்க அம்மைத் தழும்பு. டீச்சரம்மா எங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"இது யார் பண்ண வேலை?"

தம்பி அக்கா பக்கம் திரும்பவேயில்லை. "பூசினது நான்தாங்க. தப்பு என்னோடது."

"அப்ப மாடிக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நாலு பேர் கேட்டா, இந்தச் சுவரையும் காட்டிடறேன்."

கொத்தனாருக்குப் பேர் போனால் எல்லாம் போச்சு. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தபாலைக் கொண்டுபோகாதவன் நான்தானே. நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தம்பி, நான் பாத்தேன்டா."

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு, நேராக அவனிடம்.

"மத்தியானமே இடது டிரம்மு கொறஞ்சிருந்ததப் பாத்தேன். சுவர் ஈரமாத்தான் இருந்துச்சு, சொல்லியிருந்தா சுரண்டி எடுத்திருக்கலாம். கெட்டுப்போகட்டும்னு பேசாம நின்னேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை, அழுதுவிட்டாள். எனக்கே இது அப்போதுதான் தெரியும். டீச்சரம்மா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என் கிளாஸ் பசங்களே தேவலை போலிருக்கே" என்றார். பிறகு, கூடத்தைச் சரிசெய்து காட்டுங்கள், மாடியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றார்.

இரண்டு நாள் சுரண்டினோம். தம்பி யாரிடமும் பேசவில்லை, என்னிடம்கூட. இனி வேறு கலவைக்காரி தேடிக்கொள்வான் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் வலது டிரம்மைத் திறந்து சாந்து குழைத்தாள். அவன் வந்து கரணையில் கொஞ்சம் அள்ளித் தலைகீழாகப் பிடித்தான். விழவில்லை. நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன்.

"கொஞ்சம் நகருங்க மாமா" என்றான். "அக்கா, இன்னும் துளி தண்ணி விடலாமா?"

"நான் விட்டா பாலாயிடும்டா" என்று சொல்லி, தண்ணீர்க் குவளையை அவனிடம் நீட்டினாள். "நீயே ஊத்து."