பட்டிக்கு அடியில்

காந்தத்தைத் துணியில் சுற்றிக் காரின் உடம்பெங்கும் மெல்ல இழுத்துக்கொண்டே போகிறார். பிடித்துக்கொண்டால் தகரம். நழுவினால் ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டிப் பசை. நழுவும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுண்டிப்போகிறது. ஐம்பது வருஷப் பழைய கார்களின் துருவை வெட்டியெறிந்து புதுத் தகரம் வைக்கிற டிங்கர் அவர். எந்நேரமும் கையில் ஒரு தகடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பதால் பட்டறையில் அவருக்குச் 'சுரண்டி' என்றே பெயர்.

ஓட்டை ஓட்டையாக வந்து நிற்கும் வண்டியைக் கண்டு அவர் அஞ்சுவதில்லை. பளபளவென்று வருவதுதான் பயம். "துரு பாவங்க, உள்ளதச் சொல்லிடும். இந்தப் பட்டி இருக்கே, சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கும்." பட்டிக்கு அடியில் அவர் தோண்டி எடுத்தவற்றில் செய்தித்தாள் உண்டு, சட்டைக்கை உண்டு, ஒருமுறை குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். சாலையில் மெருகேற்றிய பழைய கார் எதிரே வந்தால் மனைவியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிடுவார். "ஊரே நின்னு வேடிக்கை பாக்குது, இவரு செவுத்துல பல்லியா ஒட்டிக்கிறாரு" என்று அந்த அம்மாள் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில், தன் அப்பா விட்டுப்போன காரை ஒரு டீச்சர் கொண்டுவந்தார். அவரிடம் வேலை பழகும் நானும் பட்டறையில் இருந்தேன்.

"கதவு மட்டும் லேசா தொங்குதுண்ணே. அத நிமித்திப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாப் போதும்."

டிங்கர் கதவைத் திறந்தார், மூடினார். இன்னொரு தரம் திறந்தார். "கதவு தொங்கல டீச்சர். வண்டியே நடுவுல மடங்குது."

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் பூசியிருந்த தாரைச் சுரண்டித் திருப்புளியால் ஒரு குத்து. பிடிவரைக்கும் இறங்கியது. இருக்கையைத் தாங்கியிருந்தது எண்ணெய் டின்னில் வெட்டிய ஒரு தகரத் துண்டு. அதன் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே வந்தவரின் கை சட்டென்று நின்றது.

"இந்த சீட்டுல யாரு உக்காருவாங்க?"

"அம்மா. வாரம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போகணுமே."

எங்கள் டிங்கர் இடக்கைக்காரர். அந்தத் தகரத்தைச் சுற்றியிருந்த வெல்டிங் பொட்டுகள் எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இருபது வருஷத்துக்கு முன்னால், வேறொரு பட்டறையில், முதலாளி "நாளைக்கு வண்டி போயாகணும், மூடி விடுடா" என்று சொல்ல, மூடி விட்டிருக்கிறார். அந்தத் துண்டை அப்படியே வெட்டிக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"டீச்சர், இத ஒட்டினவன் நான்தான்."

டீச்சர் தகரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாங்காதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அம்மா முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு டீச்சர் விறுவிறுவென்று வெளியேறினார். சாவியை எடுத்துப்போகவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. வண்டி மடங்காமலிருக்கக் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைத்து, நல்ல இரும்பு தட்டுப்படும்வரை தரையை வெட்டினார். வைத்த வெல்டிங்கைத் தாமே அறுத்துவிட்டு மறுபடி வைத்தார். "சோத்துல கை இருக்கு, வாய்க்குப் போகல" என்று அவர் மனைவி என்னிடம் கவலைப்பட்டார். டீச்சர் வந்து வெறும் இரும்பைக் கண்ணால் பார்க்கும்வரை அதன்மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் விழ விடவில்லை. டீச்சரும் குனிந்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

வண்டி எடுக்கும் அன்று டீச்சர் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் கதவில் கை வைத்ததும் இவர் குறுக்கே போய் நின்றார்.

"இருங்கம்மா. மொதல்ல நான்."

ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தார். "டீச்சர், அந்தா இருக்கு பாருங்க பள்ளம், அதுல எறக்குங்க. மெதுவா வேணாம்."

வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தரைவிரிப்பை ஒதுக்கிவிட்டு, வெறும் பாதங்கள் இரண்டையும் இரும்பின் மேல் அழுத்தி ஊன்றியிருந்தார்.