செவ்வாய்க்கிழமை டாக்டர்

வெளி அறையில் "லொக்கு லொக்கு" என்று இருமல் கேட்டது. அடுப்படியில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த பச்சையம்மா தலையைத் தூக்காமலே கத்தினாள்.

"புதங்கெழம போ! குண்டு டாக்டரு!"

திருவொற்றியூர்க் குப்பத்தில் யாருக்கு நோவு வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு முன்னால் பச்சையம்மாவிடம்தான் வருவார்கள். கட்டுமரம் மோதிக் கால் ஒடிந்த புருஷன் தண்டபாணியோடு நாற்பத்தெட்டாம் வருஷத்தில் நான்கு மாதம் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தவள் அவள். எந்தக் கிழமை எந்த டாக்டர், யார் எரிந்து விழுவார், யார் நம் கதையைக் கடைசிவரை கேட்பார், எல்லாம் மனப்பாடம். செவுளைத் தூக்கி மீன் பார்ப்பதுபோல டாக்டர்களைப் பார்த்து வைத்திருந்தாள். எர்ணாவூர் சாபிராவின் காதுவலி தீர்ந்தது அவள் சொன்ன சனிக்கிழமையில்தான்.

இருமியவள் மளிகைக்கடை ஞானபாக்கியம். அடுப்படிக்குள் வந்து மணையில் உட்கார்ந்ததும் இருமல் மாயமாக நின்றுவிட்டது.

"அது கெடக்கட்டும்க்கா. கண்ணு மங்கிட்டே வந்தா எந்தக் கெழம போணும்?"

"செவ்வா! கண்ணாடி போட்ட டாக்டரம்மா. கையி பூ மாதிரி. வேற நாளு போனா பேஜாரு. விடியறதுக்குள்ள வரிசையில கல்லு வச்சி எடம் புடிச்சிடணும். ஆமா, யாருக்கு?"

"நேத்து எனக்கு வஞ்சிர மீனுன்னு சொல்லி சீலா மீனக் கொடுத்தவளுக்கு."

சுரண்டும் சத்தம் நின்றது. ஐயோ! ஆறு மாதமாகக் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லாமல் அவள் மறைத்து வைத்த இருட்டு! மீன்காரிக்குக் கண் போனால் கூடையும் போச்சு. கத்தி வைத்தாலோ, இருக்கிற வெளிச்சமும் போய்விட்டால்?

"செவ்வாக்கெழம யாவாரம் கீது. வெள்ளிக்கெழம டாக்டரு சின்னப் புள்ள..."

"ஊருக்கெல்லாம் நாள் பாத்துச் சொல்லுதீய. உங்களுக்கு மட்டும் ஏழு நாளும் ஆகாத நாளாக்கா?"

"அந்தம்மாவே கண்ணாடி போட்டுகினு கீது. அது கண்ணே சரியில்ல, என் கண்ண இன்னா பாக்கும்?"

"இப்பதான கை பூ மாதிரின்னீய!"

தன் வலையில் தானே சிக்கிய பச்சையம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கத்தி வச்சாங்கோன்னா நீ கூடவே நிக்கணும்."

"நிக்கேன். நாளைக்குச் செவ்வாய். கல்லு நானே வைக்கேன்."

வாசல்வரை கூட வந்த பச்சையம்மா மூக்கை உறிஞ்சினாள். "சின்னக் கல்லா வச்சிடாதம்மா, எவளாவது ஒதச்சிட்டுப் பூடுவா. அம்மி மாதிரி வையி!"

ஞானபாக்கியம் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். பச்சையம்மா தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். முதல் தடவை சுவர்தான் அகப்பட்டது. இரண்டாம் தடவை தாழ்ப்பாள் கைக்கு வந்தது; கதவைச் சாத்தினாள்.