அக்காவின் போன் என் முகத்துக்குத் திறந்தது

இளவயதில் நான் விஞ்ஞானக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, மீதி நேரத்தில் வருங்காலம். என் கதைகளில் பூட்டும் சாவியும் கிடையாது. வாசலில் நின்று முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். திருடன் வாயைப் பிளந்துகொண்டு வெளியிலேயே நிற்பான். சட்டம், கோர்ட் என்று எதுவும் அந்தக் கதைகளில் எட்டிப் பார்க்காது. இயந்திரம் சொன்னால் சொன்னதுதான்.

இவ்வளவு யோசித்தவளுக்குத் தன்னோடு ஒரே வயிற்றில் கிடந்தவள் நினைவுக்கு வரவில்லை பாருங்கள். நானும் அக்காவும் இரட்டையர். கொஞ்ச நேரம் முந்திப் பிறந்ததால் அவள் அக்கா. நான் திண்டிவனத்தில், அவள் விழுப்புரத்தில். அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பஸ்ஸில் யாராவது என் பக்கத்தில் வந்து, "சிஸ்டர், அந்த மாத்திரைய நிறுத்திரலாமா?" என்பார்கள். நானும் சளைக்காமல், "டாக்டரக் கேட்டுக்கங்க" என்பேன். முகத்தால் திறக்கிற போன் ஒன்றை அவள் வாங்கியதும், பிடுங்கி என் முகத்தைக் காட்டினேன். திறந்துகொண்டது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன வருஷம் அவளுக்கு முகவாதம் வந்தது. ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது, கண்ணை மூட முடியவில்லை. மெல்லச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா அழவில்லை. போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். திறக்கவில்லை. என்னிடம் நீட்டினாள். திறந்தது. அதற்கப்புறம்தான் அழுதாள். அந்தப் போனைக் கிணற்றில் வீசலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து அவள் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். நானும் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். யாராவது வந்தால் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொள்வாள். அந்த நேரம் பார்த்து, பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டிய மாதம் வந்தது. வீட்டிலிருந்தபடியே போனில் முகத்தைக் காட்டினால் போதும். அதுவும் அவளை ஏற்கவில்லை.

"நீ காட்டுடி. உன் மூஞ்சி என் மூஞ்சிதான?" என்றாள்.

"அது ஆள்மாறாட்டம். கேஸாயிடும்."

"யாருக்குடி தெரியப்போவுது? வேற எங்கனா போய் நின்னா நாலு பேரு என் வாயையே பாத்துக்கினு நிப்பாங்க. என்னால ஆவாது."

சட்டத்துக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. என் முகத்தைக் கொடுத்துவிட்டால் இவள் இனி வாசலையே தாண்டமாட்டாள் என்பதுதான் என் பெரிய பயம்.

"உசுரோட இருக்கறது நீ. நீ வந்து காட்டு. நான் எதுக்கு உனுக்கோசரம் காட்டணும்?" என்று கத்திவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

விசாரித்துப் பார்த்ததில், சட்டத்துக்கு என் கதைகளைவிட நல்ல மனசு இருந்தது. இயந்திரம் ஏற்காவிட்டால் பென்ஷன் கொடுக்கும் கருவூலத்துக்கு நேரில் போய் நிற்கலாம். இதைச் சமையலறையில் நின்று, சுவரிடம் சொல்வது போலச் சொல்லிவைத்தேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"ஜல்தி கெளம்பு, கூட்டம் சேந்துடும்," என்றாள்.

கருவூலத்தில் இருந்த ஊழியர் அவளுடைய அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "உக்காருங்கம்மா," என்றார்.

நான் உட்காராமல் அக்காவைப் பார்த்தேன். அக்கா முந்தானையை இறக்கினாள்.

"அவ இல்லீங்க. வாய் கோணலா இருக்கற நான்தாங்க," என்றாள்.

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். "உடம்பப் பாத்துக்கங்கம்மா," என்று சொல்லி வேலையை முடித்துக் கொடுத்தார். வரிசையில் யாரும் எங்களைக் கவனிக்கக்கூட இல்லை.

வெளியே வந்து வேகவைத்த மல்லாட்டை வாங்கி, கடலையை உரித்துத் தின்றோம். மரத்தடியில் நின்றபடி அக்கா போனை எண் போட்டுத் திறந்து எதையோ அழுத்தினாள், தன் முகத்தை மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பழைய முகத்தை எடுத்துவிட்டு இப்போதைய முகத்தைப் பதிவு செய்திருக்கிறாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

திறக்கவில்லை.

"யாருடி நீ?" என்று கேட்டுப் பாதி வாயால் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.