நெல்லித்தோப்பின் வெளிநாட்டு ஆட்டக்காரர்

லாஸ்பேட்டைப் பக்கம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்ய வருகிற ஒருவர், ஒரு காலத்தில் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆட வேண்டியவர் என்று ஒரு வதந்தி புதுச்சேரியில் உலவுகிறது. ராமலிங்கத்தின் டீக்கடையில் விசாரித்தால், உலகக் கோப்பைக்கே கூப்பிட்டார்களாம். அந்த வாரம் மாதா கோயில் கொடியேற்றம் என்று இவர்தான் மறுத்துவிட்டாராம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விசாரித்தால், கூப்பிட்டது பிரான்ஸ் இல்லை, பிரேசில். இரண்டு கடைகளும் ஒத்துப்போனது ஒரே ஒரு தகவலில்தான். அந்த மனிதர் கார்னரில் பந்தை வைத்து உதைத்தால், அது யார் காலிலும் தலையிலும் படாமல் நேராகக் கோலுக்குள் போய்விடும்.

இந்த ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிரான்சுக்கு ஆட வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். மூன்றாவது வீட்டில் அவரைத் தடுத்த சதிகாரர் இருக்கிறார். ஆகவே, விசாரித்து, பொய் என்று நிரூபித்து, நான்கு பேர் சிரிக்கும்படி எழுதிவிடலாம் என்கிற நல்ல எண்ணத்தோடுதான் கிளம்பினேன்.

அவர் பெயர் டோனி. வயது நாற்பத்தேழு. நெல்லித்தோப்பு. போனில் பிடித்தபோது, “லாஸ்பேட்டைல ஒரு வீட்ல கீறேன் சார். அங்கயே வந்துடுங்க. ஃப்ரிட்ஜ கழட்டிப் போட்டுட்டேன், உள்ள வஞ்சிர மீன் கீது. உட்டுட்டு வர முடியாது” என்றார்.

போனால், ஐந்தடி நாலு அங்குலத்தில் ஒருவர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் டார்ச், வாயில் ஒரு ஸ்க்ரூ. வீட்டுக்காரர் முருகையன் ஆறடி, வங்கி அதிகாரி. முன்னாளில் கோல்கீப்பர், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர். இருவரும் ஒரே கிளப்பில் ஆடியவர்கள்.

வதந்தியைச் சொன்னேன். டோனியின் வாயில் ஸ்க்ரூ இருந்ததால் முருகையன்தான் பதில் சொன்னார்.

“பிரான்சும் இல்ல, பிரேசிலும் இல்ல சார். இவன் புதுச்சேரிக்கே ஆடுனது இல்ல. அதான் விஷயமே.”

“அந்த கார்னர்?”

முருகையன் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். “அது உண்ம.”

பிறகு அவர் சொன்னதையும், டோனி ஸ்க்ரூவை எடுத்துவிட்டுத் திருத்தியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டோனி பந்தாடப் பழகியது வீராம்பட்டினம் கடற்கரையில். அங்கே மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் கோடு, நாலாவது பக்கம் கடல். யார் உதைத்துப் பந்து கடலுக்குள் போகிறதோ அவரே நீந்திப்போய் எடுத்துவர வேண்டும் என்பது அந்த மணலின் சட்டம். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு தண்டனையே இல்லை. பாதிப் பேர் குளிப்பதற்காகவே உதைத்தார்கள். நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த டோனிக்கு நீச்சல் தெரியாது. ஆகவே அவர் வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டார். கடலைப் பார்த்துப் புறப்படுகிற பந்தை, மனம் மாறிக் கரைக்குத் திரும்ப வைப்பது.

“நாலு வருஷம் அவங்கூட ஆடியிருக்கேன். ப்ராக்டீஸ்ல மட்டும் எனுக்கு அம்பது கோலாவது போட்டிருப்பான், கார்னர்லேர்ந்து. பந்து வெளிய போவுதுன்னு நான் கைய கீழ போட்டுடுவேன். அப்புறம் வலைல சத்தம் கேக்கும்” என்றார் முருகையன். கோல்கீப்பர்கள் வாங்கிய கோலைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பத்தொன்பது வயதில் மாநில அணித் தேர்வு. முதல் நாளே இவர் பெயரைத் தேர்வாளர்கள் மேலே எழுதிவிட்டார்கள். மறுநாள் வயதுச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். முருகையன் பள்ளிக்கூட டி.சி.யைக் கொடுத்தார். எல்லோரும் டி.சி.தான் கொடுத்தார்கள். டோனி கொடுத்தது பாஸ்போர்ட்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டோனியின் தாத்தா சொல்தா. அதாவது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் கையெழுத்திடலாம் என்றபோது போட்டவர். அந்தக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் புதுச்சட்டை போட்டு, கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, கான்சுலேட்டுக்கு அழைத்துப்போவார்கள். பாஸ்போர்ட் வரும் நாளில் தெருவுக்கு லட்டு. டோனி வீட்டிலும் அப்படித்தான். டி.சி.யில் அவருடைய படம் இல்லை. பாஸ்போர்ட்டில் கலரில் இருந்தது. அதனால் அதைக் கொடுத்தார்.

தேர்வாளர் பாஸ்போர்ட்டின் சிவப்பு அட்டையைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், டோனியைப் பார்த்தார். “தம்பி, நீ ஃபாரினர்பா” என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் பிறந்த பிள்ளை, அந்த நிமிடம் முதல் புதுச்சேரியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்.

கோவாவில் ஒரு கிளப் இவரை ஒரு வாரம் ஆடவிட்டுப் பார்த்தது, அசந்துபோனது. ஆனால் அங்கே வெளிநாட்டவருக்கு மூன்றே இடம். ஆறடிக்குக் குறைவான வெளிநாட்டவரைக் காட்டினால் டிக்கெட் வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மேலாளர் பயந்தார். சரி, சொந்த நாட்டுக்கே போவோம் என்று டோனி பிரான்சுக்குப் போனார், பாரிசுக்கு வடக்கே சித்தப்பா வீட்டுக்கு. அங்கே ஒரு சின்னக் கிளப்பின் பயிற்சியாளர், “இந்தியரா? கிரிக்கெட் ஆடுவீர்கள் அல்லவா?” என்று கேட்டார். இரண்டு சீசன் பெஞ்சில். ஜனவரியில் மைதானம் உறைந்தது, பந்து கருங்கல்லானது, முட்டி போனது. வயிற்றுக்காக ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. அங்கேதான் கம்ப்ரெசர் பழகினார். பிரான்ஸ் அவருக்குச் செய்த உதவியின் பலனை இன்று லாஸ்பேட்டையின் வஞ்சிர மீன்கள் அனுபவிக்கின்றன.

“வருத்தம் இல்லையா?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே எங்களைப் போன்றவர்களைப் படைத்திருக்கிறார்கள்.

“கோவா, பிரான்சுலாம் போவுது சார்” என்றார் டோனி. “நெஞ்சுல புதுச்சேரின்னு எழுதின சட்டைய ஒரு வாட்டி போட்டிருக்கலாம். அது ஒண்ணுதான்.”

முருகையன் அந்த இடத்தில்தான் ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடுத்த ஞாயிறு, உப்பளம் மைதானத்தில், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆட்டம். புதுச்சேரியும் காரைக்காலும். புதுச்சேரி அணியின் மேலாளர் முருகையன்.

“உம் பேர எழுதப்போறேன்.”

“வேணாம்பா.”

“இன்னா வேணாம்?”

“அதுல குடியுரிமன்னு ஒரு கட்டம் போட்டிருக்கான் பாரு.”

“காலியா உடுவேன்.”

“காரைக்கால்காரன் புகார் குடுப்பான். ஊரே பாத்துட்டு இருக்கறப்ப மைக்ல ஃபாரினர்னு கூப்பிட்டு வெளிய அனுப்புவான். பத்தொம்பது வயசுல தாங்கிட்டேன். இப்ப முடியாது முருகா.”

முருகையன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெயரை எழுதினாரா இல்லையா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நெல்லித்தோப்பில் டோனியின் மனைவி ஸ்டெல்லாமேரியிடம் பேசினேன். “எங்கப்பா அந்தச் செவப்புப் பாஸ்போர்ட்டப் பாத்துத்தான் முப்பது சவரன் போட்டாரு. பொண்ணு பாரிஸ் போயிடுவான்னு. நான் பாத்த ஏர்போர்ட்டு லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுதான், அதுவும் காம்பவுண்டுக்கு வெளியேர்ந்து” என்றார். டோனி காதில் விழாதது போல டீயை ஆற்றினார். பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, “பெட்டிலேர்ந்து பூட்ஸ எடுத்து எண்ண போட்டு வெச்சிருக்கறாரு. கேட்டா, தோலு வீணாவுதுன்றாரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முந்நூறு பேர் இருந்திருப்போம். டோனி பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். காலில் எண்ணெய் மினுங்கும் பூட்ஸ். மேலே ஃப்ரிட்ஜ் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பனியன். பதினைந்து ஜெர்சிதான் அடித்திருந்தார்கள், இவர் பதினாறாவது ஆள்.

இடைவேளைக்கு முன்பே காரைக்கால் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் புதுச்சேரி அதைச் சமன்செய்தது. அப்போது புதுச்சேரியின் பத்தாம் எண், கமலக்கண்ணன், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளர். நொண்டிக்கொண்டே வந்து ஜெர்சியைக் கழற்றினார்.

“இந்தா டோனி, போட்டுக்க. திங்கக்கெழம தொவச்சுக் குடுத்துடு. பொண்ணு எம் பேரு போட்டு அடிச்சுக் குடுத்தது.”

முதுகில் கமலக்கண்ணன், 10. நெஞ்சில் புதுச்சேரி. டோனி அதை உடனே போடவில்லை. வியர்வையில் நனைந்திருந்த அந்த எழுத்துகளை, ஃப்ரிட்ஜின் உள்ளே பழுது எங்கே என்று தேடுகிறவர் போல, எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

தலையை நுழைத்துக் கையை விடுவதற்குள் காரைக்கால் மேலாளர் கையில் ஒரு தாளோடு வேகமாக வந்தார். டோனி ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வெளியேயும் வைத்தபடி அப்படியே நின்றார்.

“நீங்க நெல்லித்தோப்பு டோனிதான?” என்றார் வந்தவர்.

டோனி தலையாட்டினார்.

“செவப்புப் பாஸ்போர்ட்டு?”

மறுபடி ஆட்டினார்.

“எங்க டீம்ல ரெண்டு பேரு கீறாங்க. நீங்க வாயத் தொறக்கலன்னா நாங்களும் தொறக்கல.” தாளை நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது அவர்கள் ஆள் மாற்றும் சீட்டு.

டோனி இன்னொரு கையையும் உள்ளே விட்டார்.

பதினைந்து நிமிடம் ஆடினார். ஓடவில்லை, அந்த முட்டியால் ஓட முடியாது. நடந்தார். பந்து மூன்று முறை அவர் காலுக்கு வந்தது, மூன்று முறையும் சரியான ஆளுக்குப் போனது. முடிய நான்கு நிமிடம் இருக்கையில் ஒரு கார்னர் கிடைத்தது. முருகையன் பெஞ்சிலிருந்து எழுந்தார். கடல்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. டோனி பந்தை வைத்தார், திருப்பி வைத்தார், காற்றைப் பார்த்தார், உதைத்தார்.

பந்து கோலை விட்டு விலகி வெளியே போகப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் “ச்சே” என்றார். காரைக்கால் கோல்கீப்பர் கையைக் கீழே போட்டார். அந்தக் கை இறங்கியதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று முருகையன் சொல்லியிருந்தாரே. எல்லோரும் கைவிட்டுவிட்ட உயரத்தில் பந்து ஒரு கணம் தயங்கியது. பிறகு யாரோ பெயர் சொல்லி அழைத்தது போலத் திரும்பியது. ஆறு தலைகளைத் தாண்டி, எதன்மீதும் படாமல், தூரத்துக் கம்பத்துக்கு உள்பக்கமாக இறங்கியது. முந்நூறு பேர் இருந்த இடத்தில் வலையின் சத்தம் மட்டும் கேட்டது. கைதட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே.

இருபது வருடமாக இந்த ஊரில் பல அதிசயங்களைக் கிண்டல் செய்து பிழைத்திருக்கிறேன். இதைக் கிண்டல் செய்ய எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. காரைக்கால் கோல்கீப்பர் வந்து டோனியின் வலது பாதத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

நடுவர் முதுகைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் நான்கு வரிச் செய்தி: கமலக்கண்ணனின் அபார கோல், புதுச்சேரி வெற்றி. முருகையன் கொதித்துப்போய், திருத்தம் போடச் சொல்கிறேன் என்றார்.

“வேணாம்பா” என்றார் டோனி. “திருத்தப் போனா யாரு, இன்னான்னு பேப்பர் கேப்பான்.”

கமலக்கண்ணனுக்கு அலுவலகத்தில் சால்வை போர்த்தினார்கள். மறுத்துப் பார்த்தாராம், அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு சால்வை போர்த்தினார்களாம். ஐந்து வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“கோல் எம் பேர்ல கீது, ஜெர்சி அவன் வீட்ல கீது. எம் பொண்ணு தெனம் கேக்குது சார். போன் பண்ணா எடுக்க மாட்றான். நீங்க ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்.”

போனேன். கத்திரி வெயில். நெல்லித்தோப்புத் தெருவில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. டோனி வேலைக்குப் போயிருந்தார். கொடியில் துணி எதுவும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லாமேரி உள்ளறைக் கதவை மெல்லச் சாத்தினார்.

“இன்னும் காயலன்னு சொல்லச் சொன்னாரு” என்றார்.