ஐயா விட்ட உப்பு

முப்பத்திரண்டு வருஷமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துச் சாப்பிடுகிறவள் நான். முத்தியால்பேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு சுழி இருந்தால் போதும், மாத்திரையின் பேரைச் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இந்த ஆடியில் அந்தத் திமிருக்கு ஒரு வேலை வந்தது.

என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சங்கமே அவளுக்கு எல்லாம். சங்கத்தை ஆரம்பித்தவரை ஐயா என்பார்கள். ப்ரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ஒரு கொட்டகை போட்டு, தினமும் மத்தியானம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் விற்க வரும் பெண்கள், கடைத்தெரு பாய்மார்கள், பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும், ஐயா உட்பட. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை.

நான் குறை சொன்னது உப்பை. ஐயா உப்பை விட்டவர், ஆகவே சங்கத்தில் சேருகிறவர்களும் ஆயுசுக்கும் உப்பை விட வேண்டும். கோபம் வந்தால் 'சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?' என்று கேட்பது ஊர் வழக்கம்தானே. ரோஷம் இருக்கிறதா என்று அர்த்தம். சங்கத்துக்காரர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே "இல்லீங்க" என்பார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். தான் விட்டதை ஊரையே விடவைத்த அகம்பாவக்காரர் என்றுதான் ஐயாவை நான் எடைபோட்டு வைத்திருந்தேன்.

போன சித்திரையில் ஒருநாள் அக்கா என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாள். சிரித்தேன். மறுபடியும் டீச்சர் என்று கூப்பிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உடம்பில் சோடியம் ரொம்ப இறங்கிவிட்டது என்று சொல்லி, ஏற்றி அனுப்பினார்கள். இரண்டே மாசத்தில் திரும்பவும் அதே கதை. "சாப்பாட்டுல உப்பு சேத்தே ஆகணும். இன்னொரு தடவை இப்படி இறங்குனா ஃபிட்ஸ் வரும், உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டு வந்து, உப்பில்லாத கஞ்சியைக் குடித்தாள். நான் கத்தினேன், அழுதேன். அவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் உப்பைக் கலந்தும் பார்த்தேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துத் துப்பிவிட்டு, மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

"ஐயா எழுதி வச்சிட்டுப் போயிருக்காருடி. நான் எப்படி மீறுவேன்?" என்றாள்.

அவள் சொன்னது சங்கத்துக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும் காகிதத்தை. ஐயா செத்த அன்று அவர் தலையணைக்கு அடியில் கிடைத்தது அது. ப்ரெஞ்சில், யாருக்கும் புரியாத கிறுக்கலாக இருக்கவே, அவர் எழுதிய விரதச் சீட்டுதான் என்று முடிவு கட்டி உயரத்தில் மாட்டிவிட்டார்கள். மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் போக, கீழிருந்து பார்த்தால் 15 என்ற எண் மட்டும் தெரியும். அந்தப் பதினைந்துக்குப் பெரிய வியாக்கியானமே உண்டு. பதினைந்து திதியாம். வளர்பிறையிலும் கூடாது, தேய்பிறையிலும் கூடாது என்று அர்த்தமாம்.

ஆடிக் காற்றில் அந்தச் சட்டம் விழுந்து கண்ணாடி உடைந்தது. என்னிடம் ஸ்கூட்டர் இருப்பதால், அக்கா அதை என்னிடம் கொடுத்து மணிக்கூண்டுப் பக்கத்து ஃபிரேம் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் ஆணிகளைப் பிடுங்கிக் காகிதத்தை வெளியே எடுத்து, காய்ந்த சந்தனத்தைத் துணியால் தட்டினார். நான் சும்மாதான் எட்டிப் பார்த்தேன்.

அது விரதச் சீட்டே இல்லை, மருந்துச் சீட்டு! மேலே ஒரு டாக்டர் பேர், அடியில் ஐயாவின் பேரும் வயதும். கால் வீக்கத்துக்கு ஒரு மருந்து. அதற்குக் கீழே, நான் பள்ளிக்கூடத்தில் படித்த அதே ப்ரெஞ்சில், 'சான் செல்'. உப்பில்லாமல் என்று அர்த்தம். பக்கத்தில் 15, அதை ஒட்டி நாளைக் குறிக்கும் ஒற்றை எழுத்து.

"பதினஞ்சு நாள்! வெறும் பதினஞ்சு நாள்!" என்று கடையிலேயே குதித்தேன்.

"அவ்ளோ நாளெல்லாம் ஆவாதும்மா, நாளைக்கே குடுத்துடுறேன்" என்றார் கடைக்காரர்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். சங்கத்துச் சமையல்கட்டில் அக்கா தனியாக மத்தியானக் கஞ்சியைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். "கால் வீக்கம்க்கா! டாக்டர் பதினஞ்சு நாள் உப்ப நிறுத்தச் சொல்லியிருக்காரு, அவ்ளோதான். அந்த மனுஷன் உங்க யாருகிட்டயும் சொல்லாம மறைச்சு..."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசு அப்ப" என்றாள். "கஞ்சித் தட்டோட அவரு எதுர்ல உக்காந்திருந்தேன். 'உனக்கும் உப்பில்லாமலா? உனக்கு எதுக்கும்மா இது?'ன்னு கேட்டாரு. என்னை மட்டுமில்ல, நெறைய பேரைக் கேட்டிருக்காரு. ஐயா சோதிக்கிறாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நாங்க இன்னும் கெட்டியாப் புடிச்சிக்கிட்டோம்."

வழியெல்லாம் அவரைத் திட்டத் திட்டம் போட்டுக்கொண்டு வந்தவள் நான். தனக்காக ஊரே உப்பை விட்ட பிறகு தான் மட்டும் எப்படித் தொடுவது என்று கூச்சப்பட்டிருப்பார் பாவம். ஊரை எதிர்த்து எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கத் தைரியம் இருந்த மனுஷருக்கு, தன்மேல் பிரியம் வைத்தவர்களிடம் 'அது மருந்துக்காகத்தான்' என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் சீட்டைக் கிழித்துப் போடவும் இல்லை, சாகும்வரை வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கோபமும் முழுசாகப் போகவில்லை.

"ஐயாவோட பதினஞ்சு நாள் இன்னியோட முடிஞ்சிதுன்னு வச்சிக்குவோம்" என்றாள் அக்கா. "போய் உப்பு வாங்கிட்டு வா."

சங்கத்தில் ஏது உப்பு? எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள்! எனக்கு அந்த அடுப்பங்கரையிலேயே ஆட வேண்டும்போல் இருந்தது.

"வியாழக்கிழமைக் கூட்டத்துல இத நீதான் படிச்சுக் காட்டணும்" என்றாள் அவள். "எல்லாருக்கும் என் வயசு, அதுக்கும் மேல."

"நானா? கல்லால அடிப்பாங்க. நீ பொழச்சா போதும்க்கா, எனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஏண்டி, பொறந்ததுலேர்ந்து நீ சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?"

வியாழக்கிழமை போய் நின்று படித்தேன்.